படியிறங்கிய பிரசங்கம்

கர்ரென்று ஒரு இழுப்பு. பிறகு க்ளக், க்ளக்.

இருட்டியதும் மொட்டைமாடியில் கேட்கிற சத்தம் அன்றைக்கும் கேட்டது. தெமியானா குழந்தை கீரோவை அணைத்துக்கொண்டு, கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கித் தள்ளினாள்.

தாழ்ப்பாள் இல்லாமலில்லை. நிலை இறங்கிப்போனதால் ஒருத்தர் தோள்கொடுத்துத் தள்ளினால்தான் இன்னொருத்தர் தாழ் போட முடியும். தோள்கொடுக்கிற கணவன் ரெஃபாத், செங்கடல் ஓரம் ஒரு ஓட்டலில் சமைத்துக்கொண்டிருந்தான். மாதம் ஒருமுறை வருவான்.

மேலே இருப்பது அவளுடைய ஐந்தாம் மாடி வீட்டின் தண்ணீர்த் தொட்டி. சத்தம், அதன் மூடியை யாரோ இழுக்கிற சத்தம். ராத்திரியில் குழாய்த் தண்ணீர் ஏறி நிரம்ப வேண்டியது, விடிந்து பார்த்தால் கால்வாசிதான் இருக்கும். மிச்சம் எங்கே?

"இதுல என்ன சந்தேகம்? மொட்டைமாடி ரூம்ல இருக்காளே சூடான்காரி, அச்சோல். அவதான்," என்றாள் மூன்றாம் மாடி இவோன். ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். ஷுப்ரா பேட்டையில் அந்தத் தெருவுக்கே அவள் தாசோனி, எல்லாருக்கும் அக்கா.

தெமியானாவுக்கும் அந்தச் சந்தேகம்தான். படியில் அச்சோல் எதிரே வந்தாலே குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறவள் அவள்.

அந்த வாரம் நோன்பின் நாலாவது ஞாயிறு. கிணற்றடியில் ஆண்டவர் வேற்றுச் சனமான சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட கதை. கோயில் பாதிரியாரான அபூனா வழக்கத்தைவிடக் காரமாகவே பேசினார். கேட்டதைக் கோயில் வாசலிலேயே உதறிவிட்டுப் போகாதீர்கள், இந்த வாரமே உங்கள் சனமில்லாத ஒருத்தருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள் என்றார். இவோன் கைக்குட்டை நனைய அழுதாள்.

வீடு திரும்பியதும் பிரசங்கம் படியிறங்கத் தொடங்கியது.

அது மூன்றாம் மாடிக்குச் சொன்னது என்று தெமியானா நினைத்தாள். புது மோட்டார் போட்டுக் குழாயை உறிஞ்சுவது அவர்கள்தானே. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரருக்குச் சொன்னது என்றாள் இவோன். அங்கே மோட்டார் இரண்டு. வாசலில் கார் கழுவுகிறவனுக்கு உறைத்தால் சரி என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி.

ஆக, பிரசங்கம் தெருவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர்தான் ஒரு படிகூட ஏறவில்லை.

மறுநாள் இவோன் நோன்பு உண்டியல் காசில் ஒரு பூட்டு வாங்கிவந்து, தொட்டி மூடியில் மாட்டி, சாவியைத் தெமியானா கையில் வைத்தாள்.

"கேட்ட பிரசங்கத்தை வாழ்க்கையில கடைப்பிடிக்கணும் பாரு. தண்ணி தானம் பண்ணணும்னா முதல்ல தண்ணி நம்ம கையில இருக்கணும்."

அன்று இரவு மூடி இழுபடவில்லை. தெமியானா நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் குழாயைத் திறந்தாள். கொர்கொர்ரென்று இருமியது. ஒரு சொட்டு இல்லை.

ஓடிப்போய் இவோனிடம் சொன்னாள். பூட்டின கோபத்தில் அந்தச் சூடான்காரி குழாயை அடைத்திருப்பாள் என்றாள் இவோன், பாத்திரம் துலக்கிக்கொண்டே. அவள் வீட்டுக் குழாய் அருவியாகக் கொட்டியது. கீரோவுக்கு ஒரு குடம் கிடைக்குமா என்று தெமியானா தயங்கிக் கேட்டதற்கு, மோட்டார் ஓடினால் கரண்டு பில் எப்படி எகிறுகிறது தெரியுமா என்று பதில் வந்தது.

கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர் கீரோவின் பாலுக்கே சரியாய்ப் போயிற்று. அழுக்குத் துணி நாறியது. குழந்தை நசநசவென்று அழுதுகொண்டே இருந்தான்.

இருட்டியது. மேலே காலடிச் சத்தம்.

பயத்தைவிடக் கோபம் பெரிதாகிவிட்டது. ஒரு இடுப்பில் கீரோ, மறு கையில் துடைப்பம். தெமியானா மாடியேறினாள்.

பூட்டிய தொட்டியருகே அச்சோல் குந்தியிருந்தாள். பக்கத்தில் தளும்பத் தளும்ப நாலு கேன்.

"வந்துட்டீங்களா கீரோ அம்மா. பூட்டைத் திறங்க. நேத்தும் ஊத்த முடியாமப் போச்சு."

தெமியானாவுக்குத் துடைப்பத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

புது மோட்டார் வந்த நாளிலிருந்தே மேலே குழாய்த் தண்ணீர் ஏறுவதில்லையாம். குழாய் இருமுவதும், பின்னாலேயே பிள்ளை அழுவதும் மாடி அறைக்குக் கேட்குமாம். தெருமுனைப் பள்ளிவாசல் குழாயில், இரவுத் தொழுகைக் கூட்டம் கலைந்ததும் பிடித்து, அத்தனை படியும் தூக்கிவந்து ஊற்றிவிட்டுப் போவாளாம்.

"பூட்டு நல்லதுதான், திருட்டு பயம் எங்கேதான் இல்லை. எனக்கும் ஒரு சாவி குடுத்திருக்கலாம்."

"நீங்க சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா குடிச்சிருப்பீங்களா?"

தெமியானா துடைப்பத்தைப் போட்டுவிட்டு, பையிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்தாள். கேன்கள் காலியானதும், ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். படியிறங்கும்போது கீரோவை வழக்கம்போல மறு இடுப்புக்கு மாற்றினாள். இந்த முறை அது அச்சோலின் இடுப்பு.

உள்ளே நுழைந்ததுமே கீழிருந்து இவோனின் குரல் ஏறிவந்தது.

"மாடியில ஆள் நடமாட்டம் கேட்டுதே, தெமியானா. அந்தத் திருடியா?"

"அவங்கதான் தாசோனி. கையும் களவுமாப் பிடிச்சுட்டேன். இப்ப என் வீட்டுக்குள்ளதான் இருக்காங்க."

"விட்டுடாதே. நழுவிடப் போறா. கதவைத் தாழ் போடு, நான் வந்துட்டே இருக்கேன்."

"இதோ போட்டுடறேன் தாசோனி."

தெமியானா நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள். "கொஞ்சம் தோள்குடுங்கக்கா," என்றாள்.

அச்சோல் ஒரு தள்ளுத் தள்ளினாள். ரெஃபாத் ஊருக்குப் போன பிறகு முதல்முறையாக, தாழ்ப்பாள் உள்ளே சரியாகப் போய் விழுந்தது.