கரையான் கட்டு

"திரும்பவும் அந்தக் கரையானா?"

கணவர் பையிலிருந்து கார்டு கட்டை எடுத்ததுமே அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. போட்டி நடக்கும் மண்டபத்தில் அப்போதுதான் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார் அவர். லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் எது நின்றாலும் பதறாத மனுஷன். அந்தப் பதறாத குணம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தும்.

"என்ன நல்லாயிருக்கு? என் தீக்கட்டு எதை வேணா எரிக்கும், கோட்டைக்கட்டு ஒண்ணைத் தவிர. உங்க கரையான் அந்தக் கோட்டையை மட்டும்தான் அரிக்கும். வேற எது எதிர்ல வந்தாலும் நீங்கதான் பஸ்பம். அறுபது கார்டையும் அவங்கவங்க இஷ்டத்துக்கு அடுக்கிக்கலாம்னு விட்டா, யாராவது தோக்கறதுக்குன்னே பார்த்துப் பார்த்து அடுக்குவாங்களா?"

"கோட்டை வந்தா ஜெயிப்பேனே."

"எங்க வருது? ரெண்டு வருஷமா இந்த மண்டபத்துல ஒரு கோட்டையாவது கண்ணுல பட்டுச்சா? அதோட காலமெல்லாம் மலையேறிப் போச்சுங்க."

அவர் சிரித்தார். அவள் பல்லைக் கடித்தாள்.

வழக்கமாக வருகிற பத்துப் பேர்தான். எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். அதிகம் ஜெயித்தவருக்கு முதலிடம். போன வருஷம் ஒரே ஒரு ஆட்டத்தில் அது அவள் கையை விட்டுப் போனது. இந்த முறை முதலிடம் வந்தால் தேசிய அளவிலான போட்டிக்குப் போகலாம். அதற்காக ஒரு மாசமாய், வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், சாப்பாட்டு இடைவேளையெல்லாம் ஃபிரேம்களை ஒதுக்கிவிட்டுக் கார்டுகளைப் பரப்பி, இதை எடுத்தால் நல்லதா அதைச் சேர்த்தால் நல்லதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கோட்டைக்கு எதிராக வைத்திருந்த எட்டுக் கார்டையும் கழற்றிவிட்டு வேகமான கார்டுகளைப் போட்டிருந்தாள். இல்லாத எதிரிக்கு எதற்கு ஆயுதம்?

"பேர் மட்டும் குடுத்துடறேன்மா" என்றார் கணவர்.

"வேணாம். போன தடவை ஒன்பது ஆட்டம், ஒன்பது தோல்வி. அதுக்கப்புறம் என் பக்கத்துல வந்து நின்னு ஈன்னு சிரிச்சுட்டு நிக்கறீங்க. நாலு பேர் முன்னாடி எனக்குத்தான் மானம் போகுது."

"இன்னைக்கு மட்டும் ஆடிக்கறேனே."

"இன்னைக்கு என்ன விசேஷம்?"

"இன்னைக்குத்தானே உனக்கு..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடு" என்று கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். போய் வேடிக்கை பார்க்கிறவர்களின் வரிசையில் உட்கார்ந்தார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

ஒன்பது மணிக்கு ஆடுகிறவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். ஒன்பதரைக்குள் எந்தக் கட்டு என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு ஒரு கார்டைக்கூட மாற்ற முடியாது. அவள் வந்தவுடனேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் பட்டியலைப் படித்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் பையைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

கடைசி நேரம் வரைக்கும் முடிவு பண்ணத் தெரியாத ஜென்மங்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் ஆட்டத்தில் எதிரே ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மேஜையில் சுவர்க் கார்டு ஒன்றை வைத்தார். அதன் மேல் இன்னொரு சுவர்.

கோட்டை.

அவள் அடித்தாள். சுவர் அசையவில்லை. மறுபடி அடித்தாள். கையில் இருந்ததெல்லாம் தீர்ந்ததே தவிர ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் பேக்கரிக்காரி. அவளும் கோட்டை. மூன்றாவதாக வந்த பல் டாக்டரும் சுவரை எடுத்து வைத்ததும் அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. பதினைந்தே நிமிஷம். மூன்றாவது தோல்வி. இனி எப்படிப் பார்த்தாலும் முதலிடம் வராது. ஒரு மாச உழைப்பு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மண்ணாய்ப் போனது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தன.

"எல்லாரும் கூடிப் பேசி வெச்சுக்கிட்டு என்னைக் கவுத்துட்டீங்க, இல்ல? நீங்க எப்பவும் இந்தக் கட்டு ஆடினதே இல்லையே டாக்டர்."

"ஐயையோ, யாரும் யாரோடவும் பேசலை மேடம். கோட்டைதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டு. ஒவ்வொரு தடவையும் பையில கொண்டு வருவேன். பட்டியல்ல உங்க வீட்டுக்காரர் பேரைப் பார்த்ததும் அப்படியே உள்ள வெச்சுடுவேன்."

"அவர் பேரையா? ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காதவரைப் பார்த்தா?"

"எல்லாரோடவும் ஆடணுமே மேடம். கரையான் உள்ள இருந்தா கோட்டை வெச்சிருக்கிறவனுக்கு ஒரு தோல்வி நிச்சயம். ஒரு தோல்வி போதுமே, முதலிடம் போறதுக்கு. அதனால யாரும் எடுக்கறதில்லை. இன்னைக்கு அவர் பேரு இல்லைன்னதும் எல்லாரும் எடுத்துட்டோம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். வேடிக்கை வரிசையில் கணவர் கவலையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், அவருக்கு இதெல்லாம் தெரியாது டாக்டர்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ஏதோ பிடிவாதமா அந்தக் கட்டையே தூக்கிட்டு வருவார்."

டாக்டர் கார்டுகளை அடுக்கிக்கொண்டே கொஞ்சம் தயங்கினார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியமே வாங்கியிருக்கார். போன வருஷம் கேட்டேன், ஒன்பது ஆட்டமும் தோக்கறதுக்காகவா சார் வர்றீங்கன்னு. 'நான் ஜெயிக்க வரலைங்க டாக்டர். நீங்க யாரும் அந்தக் கோட்டையை வெளிய எடுக்கக் கூடாதுன்னுதான் வர்றேன்'னார்."