கல்லில் இருந்த பெயர்

வீட்டுக்குப் போகும் வழி அவருக்குத் தெரியவில்லை.

பஸ் தரிப்பிடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலை பத்து மணி வெயில். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றக் காலில் இல்லை. அதை எங்கே விட்டார் என்பதும் ஞாபகமில்லை.

பஸ் ஒன்று வந்து நின்றது. நடத்துநர் மல்லாவி, மல்லாவி என்று கத்தினார். தன் வீடு மல்லாவியிலா இருக்கிறது என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

சட்டைப் பையைத் தடவினார். அடையாள அட்டை இல்லை. எல்லாம் மறந்துபோன மனுசனுக்கு, அட்டை இல்லாமல் வீதியில் நிற்கக்கூடாது என்ற யுத்தகாலப் பயம் மட்டும் மறக்கவில்லை.

யாராவது வந்து பெயர் கேட்டால் என்ன சொல்வது?

அப்போதுதான் சுவரில் பதித்திருந்த கறுப்புக் கல்லைக் கண்டார். எழுத்துக்கூட்டி வாசித்தார். இந்தத் தரிப்பிடத்தை 2012இல் திறந்து வைத்தவர் பிரதேச சபைத் தவிசாளர் சி. இளையதம்பி.

நல்ல பெயர். இதையே தன் பெயர் என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு கணம் ஆசை வந்தது. பெரிய மனுசன் ஒருவனின் பெயரைச் சொல்லிப் பிடிபட்டால் தோலை உரித்துவிடுவார்கள். அந்த ஆசையை அங்கேயே விட்டார்.

நடந்தார்.

சந்தை வாசலில் அதே பெயர், 2014. உள்ளே மரக்கறிக்காரர் இருவர் அவரைக் கண்டதும் எழும்பி நின்றார்கள். பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, ஒற்றைச் செருப்போடு விறுவிறுவென்று அடுத்த தெருவுக்குப் போனார்.

அங்கே வாசிகசாலை. அதே பெயர், 2019. பொது மலசலகூடத்தைக்கூட அந்த ஆள் விட்டுவைக்கவில்லை. அதற்கும் நாடா வெட்டி, அதற்கும் கல் பதித்திருந்தான். வேறு நேரமென்றால் சிரித்திருப்பார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெயர் முன்னால் வந்து நின்றது. இத்தனை வருடம் இவனை ஒருவராலும் அசைக்க முடியவில்லையென்றால், இவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான்? ஊர் பேர் தெரியாத கிழவன் ஒருவன் இவன் கையில் அகப்பட்டால்?

அவர் மதிலோரம் குந்திவிட்டார்.

ஓட்டோ ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. முன் கண்ணாடியில் பிரதீபன் என்று எழுதியிருந்தது. நல்லவேளை, வேறு பெயர்.

ஓட்டிவந்தவன் இறங்கி, கையைப் பிடித்து அவரை ஏற்றினான். எங்கே போகவேண்டும் என்று கேட்கவில்லை.

அவர் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். இவ்வளவு கல் பதித்தவன், எந்த வீதி எங்கே போகிறது என்று ஒரு பலகை நட்டானா என்று மெல்லக் கேட்டார். அது பெரிய குறைதான் ஐயா என்றான் அவன்.

ஓட்டோ ஒரு ஒழுங்கைக்குள் திரும்பி, ஒரு கேற்றுக்கு முன்னால் நின்றது. மதிலில் கறுப்புக் கல். அதே பெயர்.

அவர் பிரதீபனின் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"தம்பி, இது அந்தாளின்ரை வீடு. இஞ்சை இறக்காதையுங்கோ. என்னைக் காட்டிக் குடுக்காதையுங்கோ."

கேற் திறந்தது. வயதான அம்மா ஒருவர் ஓடிவந்தார். வெகுநேரம் அழுத முகம். கையில் ஒற்றைச் செருப்பு, அவர் காலில் கிடந்ததற்குச் சோடி.

அந்த அம்மா குனிந்து அதை அவருடைய வெறுங்காலில் மாட்டிவிட்டார். நிமிர்ந்து கல்லைப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் வீட்டிலை இல்லை. நீங்கள் பயப்பிடாமல் வாங்கோ."

அந்த ஆள் எங்காவது வருகிறானா என்று ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் உள்ளே காலை வைத்தார்.