வேர் மரக்கவில்லை

"அந்த ஊசியை வெளியே கொண்டு போயிடுங்க டாக்டர். இந்த ரூம்லயே வேணாம்."

லாரி ஓட்டுநர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். வாட்டசாட்டமான ஆள், மலைப்பாதையில் பாரம் ஏற்றிய வண்டியை ஒற்றைக் கையால் திருப்புகிறவர். இப்போது அந்தக் கை நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியிருந்தது.

பல் டாக்டர் அம்மாவுக்கு இது புதிதில்லை. ஊசியைக் கண்டு அழுத பயில்வான்களை எல்லாம் பார்த்தவர். அதற்காகவே ஊசியை எப்போதும் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நர்ஸிடம் வாங்கி, தாடைக்குக் கீழாகவே கொண்டு வருவார். இன்று தலைக்கு மேலிருந்த விளக்கின் கண்ணாடி காட்டிக் கொடுத்துவிட்டது.

"மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே இருக்காமே டாக்டர். ஊசியே இல்லாம பல்லு மரத்துடுமாம்." கேட்டது ஓட்டுநரின் மனைவி.

"இருக்கும்மா. அது மேல் பல்லுக்குத்தான். உங்க வீட்டுக்காரருக்குக் கெட்டுப் போனது கீழ்க் கடைவாய்ப் பல்லு."

"தடவுற மருந்து?"

"தடவிப் பார்த்தாச்சு. ஈறு மரத்திருக்கு, வேர் மரக்கல. வீக்கம் கழுத்துக்கு இறங்கிட்டு இருக்கு. இன்னைக்கு எடுக்கலன்னா மூச்சுக்கே ஆபத்து."

மனைவி சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். ஏற்கெனவே இரண்டு பல் ஆஸ்பத்திரிகளில் நாற்காலியை விட்டு இறங்கி ஓடி வந்த மனிதர். இனி எங்கே கூட்டிப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்படியே பிடுங்குங்க டாக்டர்," என்றார் ஓட்டுநர். "வலிச்சா வலிக்கட்டும். கட்டிப் போட்டுக்கூட பிடுங்குங்க."

"நான் பல் டாக்டர். கசாப்புக் கடை வைக்கல."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கண்ணை இறுக்கி மூடிக்கங்க அண்ணா. சின்னப் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் போட்டுக்குதுங்க."

அவர் மூடவில்லை. தட்டில் கிடந்த ஊசியை விட்டு அவர் பார்வை இம்மியும் நகரவில்லை.

"தட்டை எடுத்துடுங்கம்மா," என்று மனைவி நர்ஸிடம் கெஞ்சினாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்களுமாம்மா? அவருக்குத்தான் புத்தி இல்ல, நீங்களாவது சொல்லக் கூடாதா? உயிர் போற நேரத்துல ஊசிக்கு இப்படியா ஒரு மனுஷன் பயப்படுவாரு?"

மனைவி கணவரின் முழுக்கைச் சட்டைப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை மெதுவாக மேலே சுருட்டினாள். முழங்கை மடிப்பிலிருந்து கீழே, நரம்பு நெடுகிலும் பழைய ஊசிக் குத்துகள் கறுத்துக் காய்த்துக் கிடந்தன.

நர்ஸ் சிரிப்பதை நிறுத்தினாள். ஓட்டுநர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். குரல் உடைந்து வந்தது.

"பயம் இல்ல டாக்டர். ஆசை."