தொடாத தெரு

வெள்ளக் காலத்தில் மீட்புப் படகுகளுக்கு வழி சொல்வது, ஊரின் வரைபடத் தட்டில் வளரும் மஞ்சள் பூஞ்சைதான். தட்டில் ஆள் சிக்கிய தெருவின் மேல் ஓர் ஓட்ஸ் மணியை வைத்தால் இரை தேடிக் கிளைவிடும். அந்த வழியில் படகு போகும். உப்புப் பட்ட இடத்தை மட்டும், எத்தனை முறை கழுவினாலும், அது தொடாது.

தட்டைக் கவனிக்கும் பணியாளர் ரெஜினா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் போனில் அழைத்தாள்.

"அம்மா, தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துட்டு. பிள்ளையத் தலைக்கு மேல தூக்கி வச்சிருக்கேன்."

பாதிச் சோற்றில் எழுந்து ஓடி, மகளின் தெருவில் ஓட்ஸை வைத்தாள். தெருமுனை வரை ஊர்ந்து வந்த பூஞ்சை நின்றது. பின்வாங்கியது.

"வா ராசாத்தி, இன்னும் ஒரு எட்டுதான்" என்று அதனிடம் கெஞ்சினாள்.

அப்போதுதான் தன் கை கண்ணில் பட்டது. விரலிடுக்கெல்லாம் ஊறுகாய்.

போனில் மகள் கேட்டாள்: "படகு கெளம்பிட்டாம்மா?"