கடைசி வாய்

ஜெபம் முடிகிற வழியாகத் தெரியவில்லை.

மணப்பெண்ணுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

அப்பா ஜெபிக்க ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். ஆளுக்கொரு திசையில் விற்கப்பட்ட அடிமை முன்னோர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டு, ஒரே கோப்பையைச் சுற்றி உட்காரவைத்த பிறகுதான் ஆமென்.

அதுதான் சபையின் விசுவாசம். உள்ளே வருகிறவர் சாதியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஒரே கோப்பைத் தண்ணீரை எல்லோரும் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். கடைசி ஆள் மிச்சத்தை முழுக்கக் குடித்துவிட்டு, வெள்ளைத் துணியில் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார். துணி நனையக் கூடாது.

மாப்பிள்ளையின் அப்பா சபைக்காரர் இல்லை. வேலைக்காரருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிற வீடு.

"அந்த மனுஷன் நம்ம கோப்பையில குடிக்கட்டும். இல்லேன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம்" என்று சபை மூப்பரான அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

எப்போதும் முதல் வாய் மூப்பருக்குத்தான். இன்று அதை விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வட்டத்தின் கடைசியில், மாமாவுக்கு அடுத்துப் போய் உட்கார்ந்திருந்தார். சாக்கடைக் குழிக்குள் இறங்கி அடைப்பு எடுக்கிற அந்த மனிதர் சபைக்கே மாமா.

ஆமென்.

மாப்பிள்ளையின் அப்பா கோப்பையை வாங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

அவள் புடவைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றினாள். குடித்துத் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மடக் மடக்கென்று இரண்டு வாய் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் கொடுத்தார்.

அப்பாடா. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

கோப்பை கைமாறிக் கைமாறிப் போனது. அவளும் குடித்தாள். மாமா குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்தபடி அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா கண்களை மூடிக் கோப்பையை உயர்த்தினார். தொண்டை அசைந்தது. துணியில் கவிழ்த்து வைத்தார்.

கோப்பையைச் சுற்றி ஈரம் மெல்லப் பரவியது. ஒரு முழு வாய்த் தண்ணீர்.

எல்லோரும் பாட எழுந்தார்கள். அவளால் எழ முடியவில்லை. முதல் வாயை அப்பா இத்தனை வருஷமாக ஏன் யாருக்கும் விட்டதில்லை என்று இப்போது புரிந்தது. வெட்கமாக இருந்தது.

மாமாவும் துணியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, வேறு யார் கண்ணிலும் படுவதற்குள், ஈரத்தின் மேல் போட்டு மூடினார்.