பேயிடம் பேசாதே

வாளின் மேல் நின்று வானத்தில் பறப்பவர்களையும் தேர்வு விட்டுவைக்காது. குகைக்குள் தனியாக உட்கார்ந்து மனப்பேயை ஜெயித்தால்தான் சாகாவரத்துக்கான அடுத்த படி. நம் மனத்தில் யார் இருக்கிறார்களோ, அவர்கள் முகத்தோடும் குரலோடும்தான் அந்தப் பேய் வரும்.

விதிமுறையைப் பாதி மட்டும் காதில் வாங்கியிருந்த லோ ஷின், குகைக்குள் நுழைந்ததுமே சிரித்துவிட்டாள். எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது, உடன் பயிலும் ஹே ரன் முகம்.

“அட பேயே, உனக்கு வேற மூஞ்சியே கிடைக்கலையா? வாள்ல ஏறினாலே வாந்தி எடுக்கிற இந்த மகான்தானா கிடைச்சான்?”

பேய் வாய் திறக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

“கல்லு மாதிரி அவன் அவிச்சுத் தர்ற பன்னை தினமும் ருசின்னு சொல்லித் தின்னு தொலைக்கிறேன். ஏன்னு அந்த மரமண்டைக்குப் புரியுதா? அவனை எனக்குப் பிடிச்சிருக்கு. போதுமா? இப்ப இடத்தைக் காலி பண்ணு!”

பேய் அசையவில்லை. உண்மையைக் கேட்டு அடங்கிவிட்டது என்று முடிவுகட்டி, அவள் வீராங்கனையாக வெளியே வந்தாள். வாசல் காவலுக்கு அப்போதுதான் திரும்பியிருந்த சூ அக்கா தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சுட்டேன் அக்கா! பேய் வாயே திறக்கல.”

சூ அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “உன் குகை இடப்பக்கம்டி! இதுல ஹே ரன் தேர்வுக்கு உக்காந்திருக்கான். பேய் என்ன பேசினாலும் கண்ணைத் திறக்காதே, நம்பாதேன்னு சொல்லி அனுப்பினதே நான்தான்.”

லோ ஷின் ஓட இடம் தேடுவதற்குள், ஹே ரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

“தோத்துட்டேன் அக்கா.”

“கண்ணைத் திறந்துட்டியா?”

“இல்லக்கா. பேயே என்னைப் பேய்னு திட்டுச்சு. ஆனாலும் அது சொன்னதை அப்படியே நம்பிட்டேன்.”