ஈலே

“போலந்துல காசுக்கு என்ன பேருலே?” என்று கேட்டாள் மதலேனாள்.

“ஸ்வோத்திம்மா,” என்றான் லீவில் வந்திருந்த மகன் அருளப்பன்.

“எவ்வளவுன்னு கேக்க?”

“ஈலே.”

“வேணாம்னு சொல்ல?”

“ஞே.”

‘ஞே’ வந்துவிட்டது. ‘ஈலே’ மட்டும் அவள் வாயில் ‘ஏலே’ என்றே விழுந்தது.

பக்கத்து வீட்டுப் பிலோமினா சிரித்தாள். “கப்பலேறப் போறீகளாக்கா?”

மறுமாதம் அனுமந்தன்பட்டியில் பஸ் நின்றது. கோலாப்பூர் அகதி முகாமில் வேலை பார்த்த அருளப்பன் அங்கேயே மணந்துகொண்ட போலந்துப் பெண், போரில் வீட்டாரைப் பறிகொடுத்தவள், அவன் பின்னால் தயங்கித் தயங்கி இறங்கினாள்.

“ஏலே! பெட்டியத் தூக்குலே,” என்று மகனை அதட்டினாள் மதலேனாள்.

மருமகள் பதறிப்போய்ப் பையைத் துழாவி ஒரு நாணயத்தை நீட்டினாள். கூடிநின்றவர்கள் விழித்தார்கள். மதலேனாளுக்கு மட்டும் விளங்கியது.

நீட்டிய விரல்களை அப்படியே மூடினாள்.

“ஞே, ஆத்தா, ஞே! உங்கிட்ட யாரு வெல கேட்டா?”